ரயில் நசுக்கினா அது எரர் கொயின் இல்ல

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிவிடுகிறோம். நாணயச்சாலைக்குள் நடந்தது மட்டும்தான் பிழை. காசு அந்தக் கதவைத் தாண்டி வெளியே வந்த பிறகு அதற்கு என்ன ஆனாலும் அது சேதம். இந்த ஒற்றை வரியைச் சொல்லாமல்தான் "உங்ககிட்ட இந்தக் குத்திக் காசு இருக்கா? லட்சக்கணக்கில சல்லி!" என்று டிக்டொக்கிலும் யூடியூப்பிலும் வீடியோ போட்டுத் தள்ளுகிறார்கள். சொல்லிவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

பார்ப்பது யார்? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்கு 2021 வரைக்கும் இழுத்தடிக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைகள். கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுகிற தோட்டத்தில், உண்டியலுக்குள் கிடக்கிற ஒரு காசு லட்சம் தரும் என்றால் எந்தப் பிள்ளை தேடாது? தேடுவதில் ஒரு தப்பும் இல்லை. தேட வைத்தவன் கடைசியில் "பதிவுக்கு மட்டும் கொஞ்சம் சல்லி போடுங்க" என்று கேட்கிறானே, அங்கேதான் எங்களுக்குக் கோபம். இந்தியாவில் இந்தக் கூத்து முற்றி, பழைய காசு, நோட்டு விற்றுத் தருகிறோம் என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்ட்டில் அறிக்கை விட்டது. நம்ம பக்கம் அதே வீடியோவை எடுத்து, காசை மட்டும் மாற்றி ஓட்டுகிறார்கள்.

இப்போது இலங்கையில் புழங்கும் குற்றிகள் வெளிநாட்டில் அடித்து வருகிறவை. எங்கே அடித்தாலும் வேலை ஒன்றுதான். வெறும் தகடு ஒன்று, அதைச் சுற்றி ஒரு வளையம், மேலும் கீழும் இரண்டு அச்சு, ஒரே அழுத்தம். தகடு, வளையம், அச்சு, அழுத்தம் — இதில் ஏதாவது பிசகினால்தான் பிழை நாணயம். அதனால் ஒரு காசைக் கையில் எடுத்ததும் "இது விநோதமா இருக்கே" என்று வாய் பிளக்கக் கூடாது. "மெஷினுக்குள்ள இது எப்படி நடந்திருக்கும்?" என்று கேட்க வேண்டும். பதில் வரவில்லையா, பெரும்பாலும் அது சேதம்தான்.

கொட்டகலையிலோ தலவாக்கலையிலோ தண்டவாளத்தில் காசு வைத்து விளையாடாத பிள்ளை உண்டா? நசுங்கிய காசு அகலமாகும். எழுத்தும் சேர்ந்து இழுபட்டு வழிந்து போயிருக்கும். வளையம் இல்லாமல் அடிபட்ட உண்மையான பிழைக் காசும் அகலமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் நடு எழுத்து கூர்மையாக, இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கும். இரண்டும் ஒன்றா?

கோடு விழுந்த காசை லென்ஸ் வைத்துப் பாருங்கள். அச்சில் விரிசல் இருந்தால் உலோகம் அந்த விரிசலுக்குள் ஏறும். காசில் கோடு மேடாக நிற்கும். கோடு பள்ளமாக இருந்தால் யாரோ, எதுவோ கீறியிருக்கிறது. விளிம்பு பிறை மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் வெட்டுக்கு நேர் எதிர்ப்பக்க விளிம்பையும் பார்க்க வேண்டும். தகடே குறைபட்டிருந்தால் பெரும்பாலும் அங்கேயும் விளிம்பு மங்கியிருக்கும். அரத்தால் ராவியதில் எதிர்ப்பக்கம் ஜம்மென்று இருக்கும், ராவிய தடமும் தெரியும். எழுத்து இடவலம் மாறிப் பள்ளமாகப் பதிந்திருப்பதைப் பெரிய பொக்கிஷம் மாதிரி காட்டுவார்கள். அடித்த காசு ஒன்று மெஷினில் ஒட்டிக்கொண்டு அடுத்த தகட்டில் பதிவது உண்மையிலேயே நடக்கும். ஆனால் இரண்டு காசைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெரித்தாலும் அப்படித்தான் தெரியும். நெரித்ததில் மறுபக்க உருவம் சப்பையாகிவிடும். அதனால்தான் வீடியோவில் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார்கள், கவனித்திருக்கிறீர்களா?

அடுத்த பித்தலாட்டம் நிறம். மஞ்சள் ஐந்து ரூபாய் திடீரென்று வெள்ளையாக வந்தால் அது அபூர்வம் இல்லை. 2017 வரிசையில் மத்திய வங்கி துருப்பிடிக்காத உருக்குக்கு மாறியது, அவ்வளவுதான். ஒரு ரூபாய் அதற்கு எதிர்மாறு: 2004 வரைக்கும் வெள்ளை, 2005இலிருந்து 2017 வரிசை வரும் வரைக்கும் பித்தளை முலாம் பூசிய இரும்பு. முலாம் உரிந்து கறுத்தால் அது தேய்மானம். உரம் போட்ட தேயிலை மண்ணுக்குள் கிடந்து பச்சை பிடித்ததும் அப்படித்தான். ஆண்டைப் பாருங்க, அதே ஆண்டில் இன்னொரு நல்ல காசை எடுத்து நிறுத்துப் பாருங்க, காந்தம் வைத்துப் பாருங்க. பாதிக் கதை அங்கேயே முடிந்துவிடும்.

தோற்றத்தை நம்பக் கூடாது என்பதற்கு ஓட்டைக் காசுதான் நல்ல சாட்சி. 1943 முதல் 1947 வரை இந்தியாவில் வந்த காலணாவில் நடுவில் ஓட்டை இருக்கும். அது நாணயச்சாலை போட்ட ஓட்டை, பிழையும் இல்லை சேதமும் இல்லை. பழைய இலங்கைச் சதத்தில் ஓட்டை இருந்தால் அது அரைஞாண் கயிற்றில் கோர்க்க யாரோ ஆணி வைத்து அடித்தது. சேகரிப்பாளர் கணக்கில் சேதம். வீட்டுக்கு அது வேற கணக்கு. அந்தக் கயிறு எந்தப் பிள்ளையின் இடுப்பில் இருந்தது என்று அம்மாயிக்குத் தெரியும். அதை எரர் என்று சொல்லி விற்கப் பார்க்கிறவனுக்கு இரண்டு கணக்கும் தெரியாது. நாலு மூலை உள்ள ஐந்து சதத்தையும் சிலர் "தவறா வெட்டுப்பட்டது" என்கிறார்கள். 1909இலேயே சதுரமாகத்தான் வந்தது ஐயா!

இன்னொரு கூட்டமும் உண்டு. பிள்ளைகள் ஆசையாகக் காசைப் படமெடுத்துக் கேட்டால் "குப்பை" என்று ஒரு வார்த்தையில் ஓட்டிவிடுகிற பெரிய சேகரிப்பாளர்கள். ஏன் குப்பை என்று இரண்டு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்? அந்த மௌனத்தில்தான் வீடியோக்காரன் ஆள் பிடிக்கிறான்.

உங்கள் காசு இத்தனையும் தாண்டி நின்றால், புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பாதி விலை அதிலேயே போய்விடும். இரண்டு பக்கமும் விளிம்பும் தெரிய நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, எடையோடு எங்களுக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்கிறோம், சல்லி வேண்டாம். வீடியோ போடுகிற அண்ணன்மாரே, அடுத்த வீடியோவில் காசின் மறுபக்கத்தையும் காட்டுங்க, பார்ப்போம்.