ஐந்து விரலும் விரித்து

கொழும்பு ஹெவ்லொக் டவுனிலுள்ள எங்கள் தொடர்மாடியின் வருடாந்தப் பொதுக்கூட்டம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இந்த முறை நிர்வாகசபைத் தெரிவு கைத்தொலைபேசியில். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கிற வீட்டுக்காரர்கள் அங்கிருந்தபடியே வாக்களித்தார்கள். அது நல்ல விசயம். முன்னெல்லாம் அவர்களுடைய பதிலாள் படிவங்களை யாரோ ஒருவர் கட்டாகக் கொண்டுவந்து மேசையில் வைப்பார். கூட்டம் தொடங்க முதலே முடிவு தெரிந்துவிடும்.

ஆனால் முடிவு திரையில் விழுந்ததும் இரண்டாம் மாடி அன்ரி எழும்பிக் கேட்டார்: "தம்பி, ஆர் எண்ணினது?"

"சிஸ்டம் எண்ணினது, அன்ரி" என்றார் மடிகணினியோடு இருந்தவர். அவர் போன சபையின் செயலாளர், இந்த முறையும் போட்டியிட்டவர். வாக்காளர் பட்டியலும் கடவுச்சொல்லும் அவரிடம்தான் இருந்தன. அன்ரி மறுபேச்சில்லாமல் இருந்துவிட்டார். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. செயலாளர் களவு செய்தார் என்று நான் சொல்லவில்லை. செய்யவில்லை என்று அறிந்துகொள்ள எங்களில் ஒருவருக்கும் வழி இருக்கவில்லை.

வழி இல்லாமலில்லை. இரகசியக் குறியாக்க ஆய்வாளர்களின் சர்வதேச சங்கம் 2010 முதல் 'ஹீலியோஸ்' என்ற இணைய முறையில் நிர்வாகிகளைத் தெரிவுசெய்கிறது. வாக்கு பூட்டப்பட்டே போகும். தன் வாக்கு பட்டியலில் சேர்ந்ததா என்று போட்டவரே பார்க்கலாம். முடிவைத் திறக்கும் சாவி மூவரிடம் பிரிந்திருந்தது. 2025 நவம்பரில் அந்த மூவரில் ஒருவர் தன் பங்கைத் தொலைத்துவிட்டார். முடிவைத் திறக்கவே முடியவில்லை. அவர்கள் மூடி மறைக்கவில்லை. நடந்ததை அறிவித்து, தேர்தலைத் திரும்ப நடத்தி, இனி மூவரில் இருவர் போதும் என்று விதியையும் மாற்றினார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது.

இந்தப் பேச்சு வந்தால் நான் தமிழ்நாட்டின் உத்திரமேரூருக்குப் போய்விடுவேன். அங்கே வாரியங்களுக்கு, அதாவது ஊரின் நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தெரிவுசெய்தது குடவோலை எடுத்து. அதைச் சொல்பவை சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், ஆண்டு 919, 921. ஊரில் 30 குடும்புகள், அதாவது வட்டாரங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர்கள் எழுதிய ஓர் ஓலைக்கட்டு. சிறியவர் பெரியவர் எல்லோரும் சபைக்கு வரவேண்டும். கோயில் பூசகர்களான நம்பிமாரில் மூத்தவர் கட்டுகள் இட்ட குடத்தை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடிப்பார். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கியபின், அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். மடக்கிய கையில் இன்னோர் ஓலை இருக்கக்கூடும் அல்லவா! அவன் வாசித்ததை மண்டபத்திலிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் எழுதப்படும். விரலுக்கும் விதி எழுதியவர்கள் எங்கோ ஏமாந்து பட்டறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

அது எல்லோருக்குமான சபை இல்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களின் சபை. பெண்ணுக்கும் இடமில்லை, உழுதவனுக்கும் இடமில்லை. சீட்டெடுப்பே தவிர வாக்களிப்பும் இல்லை. 1931இல் இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்குரிமை பெற்றது அதைவிட எத்தனையோ மடங்கு பெரிய காரியம்.

ஆனாலும் அந்தக் கல்வெட்டின் கணக்கு விதிக்கு ஈடாக ஒன்றை நான் இன்னும் காணவில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவன் மட்டுமல்ல: சின்னம்மா பெரியம்மா பிள்ளைகள், மாமி பிள்ளை, தாய்மாமன், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், அவள் பிள்ளை, மருமகன், தகப்பன், மகன். ஒவ்வொருவராகச் சொல்லிக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கணக்குக் கேட்டதும் தான் விலகி மச்சானை நிறுத்துகிற வேலை எங்கள் சங்கங்களில் இன்றும் நடக்கிறது. கோயில் சபை, பழைய மாணவர் சங்கம், ஊர் ஒன்றியம் என்று கொழும்பில் என் கைக்கு வந்த எந்த யாப்பிலும் இந்த விதி இல்லை. எழுதிச் சேர்க்க ஒரு பந்தி போதும்.