அளவையும் கொள்கையும்

கொள்கை பெரிதோ, அளவை பெரிதோ என்னும் வினா பௌதிக மாணாக்கர்க்குப் புதிதன்று. இரண்டும் வேண்டும் என்பதே எளிய விடை. ஆயினும் இரண்டும் முரணுங்கால் நாம் எதற்குத் தலைவணங்குகிறோம் என்பதிலேதான் நம் கல்வியின் தரம் வெளிப்படும். இதனை விளக்க எதிர்ப்புரோட்டானின் வரலாறு பெரிதும் உதவும்.

1955ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெர்க்லி நகரத்து ஆராய்ச்சிச் சாலையில் எமிலியோ செக்ரே, ஓவன் சேம்பர்லின் முதலியோர் எதிர்ப்புரோட்டானைக் கண்டறிந்தனர். புரோட்டானுக்கு ஒத்த நிறையும் எதிரான மின்னூட்டமும் உடையது இத்துகள். புரோட்டானோடு இது கூடின் இரண்டும் அழிந்தொழியும். அவற்றின் நிறையில் அடங்கிய ஆற்றல், ஏறக்குறைய 1,877 மெகா எலெக்ட்ரான் வோல்ட், பெரும்பாலும் பையான் என்னும் இலேசான துகள்களாய்ச் சிதறும். ஓர் அழிவில் எத்தனை பையான்கள் தோன்றும்? பேரறிஞர் பெர்மி 1950இல் வெளியிட்ட புள்ளியியற் கொள்கையைக் கொண்டு கணக்கிடின் சராசரி மூன்றுக்குச் சற்று மேல் வரும். ஒளிப்படக் குழம்பிலும் குமிழறைகளிலும் எண்ணிப் பார்த்தபோதோ ஏறக்குறைய ஐந்து கிடைத்தது.

கணக்கைக் காப்பாற்ற வழி இல்லாமற் போகவில்லை. அழிவு நிகழும் இடத்தின் கொள்ளளவைப் பத்து மடங்கு அளவில் பெருக்கிக்கொண்டால் ஐந்து வந்துவிடும். ஆனால் அங்ஙனம் பெருக்குதற்குத் தக்க காரணம் யாது என்னும் வினா எஞ்சி நின்றது. 1961இல் இவ்வழிவின் குமிழறைப் படங்களிலேயே ஒமேகா மேசான் என்னும் குறுவாழ்வுத் துகள் கண்டறியப்பட்டது. இத்தகைய துகள்கள் முதலில் தோன்றிப் பின்னர்ப் பையான்களாய்ப் பிரிவது எண்ணிக்கை மிகுதற்குரிய காரணங்களுள் ஒன்று. ஐந்தை மூன்றாகத் திருத்தி எழுதியிருப்பின் இவ்வறிவு நமக்கு எங்ஙனம் எட்டியிருக்கும்?

இச்சோதனை பின்னரும் ஓயவில்லை. ஜெனிவாவை அடுத்த செர்ன் நிலையத்தில் ஏஜிஸ் குழுவினர், வேகங் குறைந்த எதிர்ப்புரோட்டான்களைச் செம்பு, வெள்ளி, பொன் ஆகிய மூன்றிலும் அழியச் செய்து, சிதறிய துண்டுகளை ஒளிப்படக் குழம்பில் எண்ணி, 2017இல் முடிவை வெளியிட்டனர். அவர்கள் ஒப்பிட்ட கணினி மாதிரிகளுள் புளூக்கா என்பதொன்றே அளவையோடு நன்கு பொருந்தியது.

கடல் கடந்த கதை என்று இதனை ஒதுக்குவார்க்கு அண்மைச் சான்று ஒன்று கூறுவோம். காரிமங்கலத்திற்கு வடக்கே, நேர்கோட்டில் எண்பது கிலோமீட்டருக்கு உட்பட்ட தொலைவில், கோலார் தங்கவயல் உள்ளது. தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்து, 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கத்தினுள், ஏறக்குறைய 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பானிய அறிஞரும் 140 டன் கருவியொன்றை அமைத்தனர். புரோட்டான் தானே சிதையும் என்னும் கொள்கையை 1980ஆம் ஆண்டுகளில் அங்கே சோதித்தனர். சிதைவாக இருக்கக்கூடிய சில நிகழ்ச்சிகளையும் அறிவித்தனர். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நிறுவப்பெற்ற பெருங்கருவிகள் அவற்றை உறுதிசெய்யவில்லை. அழகு வாய்ந்த அக்கொள்கையின் எளிய முதல் வடிவம் அளவையின் முன் நில்லாது கைவிடப்பட்டது.

இனி நம் சோதனைச் சாலைகளை நோக்குவோம். ஊசலின் அலைவுக் காலத்தை அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணிக்கும் மாணாக்கன், 9.8 என்னும் விடையை முன்னரே அறிவான். தனக்கு 9.4 வந்தால் அஞ்சுகிறான், அழிப்பானை எடுக்கிறான், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அளவுகளைப் படைக்கிறான். பிழையற்ற விடைக்கே மதிப்பெண் என்னும் வழக்கம் அவனை இதற்குத் தூண்டுகிறது. காரிமங்கலம் சந்தையில் தராசு முள்ளை விரலால் தள்ளும் வணிகனை நாம் பொறுப்போமா? கள்ளத்தராசைக் கண்டிக்கும் வேதத்தை வாசிக்கும் கல்லூரியில் கள்ள அளவைக்கு இடம் உண்டோ?

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. கண்ட அளவு கண்டவாறே மையினால் எழுதப்படுக. கொள்கையோடு அது முரணின், காற்றின் தடையோ, நூலின் நீளமோ, கடிகாரம் பிடித்த கையோ எது காரணம் என்று ஆராய்ந்து எழுதுவோர்க்கு மதிப்பெண் மிகுதியாய் வழங்கப்படுக. ஆசிரியரும் தம் சோதனையில் தவறிய அளவுகளை மாணாக்கர் காணக் காட்டுக.

ஐந்தை ஐந்தென்று எழுதும் துணிவே அறிவியலின் முதற்பாடம். அதனைக் கல்லாதார் பட்டம் பெறலாம். புதியதொன்றைக் காணுதல் அரிது.