விதைக்க முன் விலையைச் சொல்லுங்கள்!



2024/25 பெரும்போக நெல்லுக்கு அரசு விலை அறிவித்தது 2025 பெப்ரவரி 5இல்: நாடு 120 ரூபாய், சம்பா 125, கீரிச் சம்பா 132. எங்கள் வட்டைகளில் வேளாண்மை வெட்டு தொடங்கியதோ ஜனவரியில்! அறக்கொட்டிக்கு மருந்தடித்த கடனும் அடகில் கிடக்கும் நகையும் அதுவரை காத்திருக்குமா? வயலடிக்கு வந்த வியாபாரி சொன்னதே விலையானது.

நெல் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதம் கேட்கிறது. களமில்லாத நாங்கள் ரோட்டில்தான் காயப்போடுகிறோம். இந்த அவசரத்தில் லாபம் பார்ப்போரில் எங்கள் ஊரவரும் உண்டு. நிறுவையில் நீதி என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு இதில் மௌனமா?

நீர் திறக்கும் திகதியும் விதைப்புத் திகதியும் ஆரம்பக் கூட்டத்தில் முடிவாகின்றன. விலையும் களஞ்சியம் திறக்கும் நாளும் அங்கேயே சொல்லப்பட வேண்டும். விவசாய அமைப்புகளே, அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். நாங்களும் வருகிறோம்.