எனக்கு டிபி வந்திருந்தது

போன வாரம் ஆபீஸ் கேண்டீனில் பேச்சு எப்படியோ வியாதிகள் பக்கம் திரும்பியது. ஒருத்தருக்கு டெங்கு, இன்னொருத்தருக்கு மஞ்சள் காமாலை. ஏதோ போருக்குப் போய் வந்த மாதிரி ஆளாளுக்குப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது, "எனக்கு டிபி வந்திருக்கு. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன்" என்றேன். சட்டென்று அமைதி. எதிரில் இருந்தவர் தன் டிபன் டப்பாவை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வந்து போய் ஒன்பது வருஷம் ஆச்சு சார்!

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானே இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லையே. புனேக்கு வந்த இரண்டாம் வருஷம் அது. விடாத இருமல், சாயங்காலமானால் காய்ச்சல். தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் என்பதால், அம்மா ஊரில் எல்லோரிடமும் நிமோனியா என்றே சொல்லிவைத்தார். மாத்திரை ஆரம்பித்ததும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போக, பயந்துவிட்டேன். அது ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம், அவ்வளவுதான். ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்கு ஆளில்லை.

இந்த ஊருக்கும் இந்த வியாதிக்கும் தமிழில் ஒரு பழைய கணக்கு உண்டு. 'ராஜமுக்தி' படத்துக்காகப் புனே வந்த புதுமைப்பித்தன் காசநோயோடுதான் திரும்பினார். 1948-ல் போய்விட்டார். அந்தக் காலத்தில் பயந்ததில் நியாயம் இருந்தது. அப்புறம் மருந்துகள் வந்தன. சானடோரியத்தில் ஒதுக்கி வைக்க வேண்டாம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம், அதனால் கூட இருப்பவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-ல் வெளியான ஆய்வு காட்டியது. நடந்தது நம்ம சென்னையில்! உலகத்துக்கே பாடம் சொன்ன ஊர்க்காரர்கள் நாம், இன்னும் டம்ளரைத் தனியாக வைக்கிறோம். டிபி காற்றில் பரவுவது, டம்ளரில் அல்ல.

எல்லோரும் சொல்லியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கல்யாணமாகாத பெண்ணும் தினக்கூலிக்காரரும் அதற்குக் கொடுக்கும் விலை வேறு. அமிதாப் பச்சன் தனக்கு 2000-ல் டிபி வந்ததை வெளிப்படையாகச் சொன்னார். நல்ல காரியம்தான், ஆனால் அவர் அமிதாப். பக்கத்து நாற்காலிக்காரன் சொன்னால்தான் இது சாதாரண விஷயமாகும். சொன்னால் வேலை போகாது என்கிற நிலையில் இருக்கும் என்னைப் போன்றவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலம் வேறு டீம் பையன் ஒருத்தன் லிஃப்ட் அருகே தயங்கித் தயங்கி வந்தான். அவனுக்கு இது மூன்றாவது மாசமாம். தினமும் பாத்ரூமில் ஒளிந்துகொண்டு மாத்திரை விழுங்குகிறானாம். "இருமல் நின்னுடுச்சு சார், நிறுத்திடலாமா?"

"நிறுத்தவே நிறுத்தாதே. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிடும், அப்புறம் இந்த மாத்திரை கேட்காது. நாளைக்கே டாக்டரைப் பார்" என்றேன். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

டிபன் டப்பா நகர்ந்தால் நகர்ந்துவிட்டுப் போகட்டும்.