மயிலும் சேவலும் என்ன ஜாதி?

ஆடிக் கிருத்திகைதோறும் மயிற்பீலி கட்டிய காவடியைச் சுமந்துகொண்டு மக்கள் திருத்தணி மலை ஏறுகின்றார்கள். அந்த மயிலும், கொடியிலுள்ள சேவலும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், மாமரமாய் நின்ற சூரபத்மனை வேல் இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதி மயிலாயிற்று, மறு பாதி சேவலாயிற்று என்கின்றது புராணம். இதற்குமேல் கேட்டால் நாஸ்திகம்!

நாம் கேட்கத்தான் செய்வோம். மயில், கோழி, காடை, கவுதாரி ஆகிய எல்லாம் ஒரே குடும்பம் என்கின்றது விஞ்ஞானம். எப்படி? எலும்பையும் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு முன்னோரிடமிருந்து கிளைத்தவை என்று கண்டதனால். உயிர்களை வகைப்படுத்துவது என்பது உண்மையில் அவற்றின் வம்சாவளியை எழுதுவதே என்று 1859-இல் டார்வின் காட்டினார். ஜெர்மனியில் 1861 முதல் பாறைகளில் கிடைத்துவரும் ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்னும் பிராணிக்கு இறகும் உண்டு. பல்லும், நீண்ட எலும்பு வாலும் உண்டு. பறவைகள் ஊர்வனவற்றின் கிளை என்பதற்கு இந்தக் கல்லே சாட்சி. வேல் பிளந்த மாமரத்துக்குச் சாட்சி எங்கே?

இன்னும் கேளுங்கள். வீட்டுக் கோழியின் முக்கிய மூதாதை செந்நிறக் காட்டுக்கோழி. ஆனால் அதன் மஞ்சள் கால் நம் நாட்டுச் சாம்பல் காட்டுக்கோழியின் கலப்பினால் வந்தது என்று 2008-இல் கண்டறிந்தார்கள். ஆகவே மஞ்சட்கால் சேவல் வர்ணசங்கரப் பிறவி! வைதீகர்கள் அதைக் கொடியிலிருந்து இறக்கிவிடுவார்களா?

நிற்க, மனிதன் எந்த வகை? 1758-இலேயே லின்னேயஸ் மனிதனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்தார். இன்றுள்ள குரங்கு மனிதனாயிற்று என்று டார்வின் சொல்லவில்லை. இரண்டுக்கும் முன்னோர் ஒன்று என்றே சொன்னார். உலகத்து மனிதர் அனைவரும் ஒரே இனம். முகத்தில் பிறந்த வகை, பாதத்தில் பிறந்த வகை என்று உயிர்நூலில் எங்கேயும் கிடையாது.

2018-இல் மத்திய மந்திரி சத்யபால் சிங், குரங்கு மனிதனானதைக் கண்டதாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லை. ஆகவே டார்வின் கொள்கை தவறு என்றார். அப்படியானால் பிரம்மாவின் முகத்தில் பிரசவம் நடந்ததைப் பார்த்த மருத்துவச்சி யார்? 2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பாடத்தையே எடுத்துவிட்டது. 1800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கின்றதே என்று சமாதானம் சொல்லப்பட்டது. உயிரியல் எடுக்காத பிள்ளைக்கும், பத்தோடு படிப்பை விட்டுவிடும் ஏழைப் பிள்ளைக்கும் அதனால் என்ன பயன்? பிறவி உயர்வு பொய் என்ற பாடம் முக்கியமாய்த் தேவைப்படுவது அவர்களுக்கல்லவா?

1888-இல் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன் பிறந்த நாளை ஆசிரியர் தினம் என்கின்றோம். ஆசிரியருக்கு மாலை போட்டுவிட்டு, அவர் கையிலுள்ள பாடத்தைப் பிடுங்குவதுதான் மரியாதையா?

தோழர்களே! பள்ளிக்கூடம் சொல்லாவிட்டால் நாம் சொல்லுவோம். மலை ஏறும் பிள்ளை மயிலைக் காட்டிக் கேட்டால், சூரபத்மன் கதையோடு நிறுத்தாமல் கோழிக்கும் மயிலுக்கும் உள்ள உறவைச் சொல்லுங்கள். அதோடு, மலை ஏறும் எவருக்கும் ஜாதி பிறப்பிலே இல்லை என்பதையும் சொல்லுங்கள்.