காயலான் கடைச் சாமான் மிதக்கும்!



இந்த மாத சுவர் இதழுக்கு என்னிடம் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. மனதில் ரொம்ப நாளாக இருக்கும் ஒரு கருத்தை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவும் இருக்கும், மன்னிக்கவும்.

என் அப்பா காயலான் கடை வைத்திருக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் எனக்கு ‘பழைய இரும்பு’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. யார் வைத்தது என்று இங்கே எழுத மாட்டேன். (அவர்களுக்கே தெரியும்.) பழைய சாமான் என்றால் குப்பை, அதைத் தொடுகிறவர்களும் அப்படித்தான் என்பது நம்மில் பலருடைய எண்ணம். அது தவறு என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மிதத்தல் விதி நடத்தியபோது அறிவியல் டீச்சர் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினாங்க. ரஷ்ய நாட்டில் ஒரு வண்டி பனி மேல் போகிறது, சேற்றில் போகிறது, அப்படியே ஆற்றில் இறங்கி மிதந்து அக்கரை ஏறுகிறது. அதன் பெயர் கரகாட். கரகாட்டம் என்று படித்துவிடாதீர்கள்! ரஷ்ய மொழியில் கணவாய் மீனுக்கு ‘கரகாத்தித்சா’ என்று பெயர். அதிலிருந்து வந்த பெயராம். உப்பிய சக்கரத்தோடு பார்த்தால் ஏதோ கடல் பிராணி மாதிரிதான் இருக்கிறது.

இதில் முக்கியமான விஷயம், முதலில் இதை எந்தக் கம்பெனியும் செய்யவில்லை. அந்த நாட்டின் வடக்குப் பகுதியிலும் சைபீரியாவிலும் பல இடங்களில் நல்ல ரோடு கிடையாது. பனி உருகும் காலத்தில் எங்கும் சேறு. சோவியத் ஆட்சி இருந்தபோது புதுக் கார் வாங்க வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் மீன் பிடிக்கப் போகிறவர்களும் வேட்டைக்குப் போகிறவர்களும் தங்கள் கொட்டகையிலேயே இதைச் செய்துகொண்டார்கள். பழைய லாடா காரின் அச்சு, கியர் பாக்ஸ், மோட்டார் சைக்கிள் எஞ்சின், பெரிய லாரியின் உள் டியூப் எல்லாம் சேர்ந்து ஒரு வண்டி. டியூப்புக்கு மேல் டயர்கூடக் கிடையாது, பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். அந்தப் பெல்ட்டே தரையில் பிடிமானம், தண்ணீரில் துடுப்பு.

நம்ம ஊர் காருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறார்கள். கரகாட் டியூப்பில் இரண்டு மூன்று பவுண்டுதான். தொளதொளவென்று தொப்பை மாதிரி இருக்கும். அதனால் தரையில் படியும் பரப்பு அதிகம். விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். அழுத்தம் குறைவு, அதனால் புதையாது. பனிக்கட்டி உடைந்து தண்ணீரில் விழுந்தாலும் டியூப்பே மிதவை ஆகிவிடும்.

இன்னொன்று. பெரிய சக்கரத்தைச் சின்ன எஞ்சின் சுற்ற வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டணும். அதற்குச் சிலர் இரண்டு கியர் பாக்ஸை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டியிருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னேன். “கெட்டிக்காரப் பயலுவதான்” என்றார். கையிலிருந்த டீ ஆறிப்போச்சு, அவர் யோசிச்சுக்கிட்டே இருந்தார்.

அப்புறம் நானும் அப்பாவும் சின்னதாக ஒன்று செய்தோம். எஞ்சின் கிடையாது, கயிறு கட்டி இழுப்பதுதான். உடைந்த தள்ளுவண்டிச் சட்டம், நாலு ஸ்கூட்டர் டியூப், பழைய காரின் சீட் பெல்ட் வார். டியூப் எவ்வளவு எடை தாங்கும் என்று தெரிய வேண்டுமே? தண்ணீர் நிரம்பிய டிரம்மில் ஒரு டியூப்பை அமுக்கி, வழிந்த தண்ணீரை அளந்தோம். 6 லிட்டர். நாலுக்கும் 24 லிட்டர், அதாவது 24 கிலோ தாங்கும். கடைத் தராசில் வண்டியை நிறுத்தால் 11 கிலோ. மீதி 13. ஒரு செங்கல் 3 கிலோ என்றால் நாலு செங்கல் ஏற்றலாம், ஐந்து ஏற்றினால் முழுகும் என்று நோட்டில் எழுதினேன்.

குளத்தில் விட்டோம். இரண்டு செங்கல் வைத்ததுமே குப்புறக் கவிழ்ந்தது! மாடு குளிப்பாட்ட வந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எடுத்து வந்து, “ரெண்டையும் ஒரே பக்கம் வச்சா கவிழாம என்ன செய்யும் பாப்பா” என்றார். நடுவில் வைத்தோம். நாலு நின்றது. ஐந்தாவது வைத்ததும் மெல்ல உள்ளே போனது. என் கணக்கு சரி! அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால்கூட வராது.

அதைத்தான் வெளியூர் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். பார்வையிட வந்த ஒருவர், “இந்தத் துருப்பிடிச்சதை ஏன் கொண்டாந்தே? ஓரமா வை” என்றார். நோட்டை நீட்டினேன், வாங்கவில்லை. தெர்மாகோல் எரிமலைக்குப் பரிசு. எரிமலை அழகாத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் செய்தவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் மாமாதான் பதில் சொல்லியிருக்கணும்.

“ஆபத்து” என்று சிலர் சொல்வீர்கள். எஞ்சின் வைத்து ஆளை ஏற்றிக் குளத்தில் விடச் சொல்லவில்லை. ரோட்டில் ஓடும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டமே இருக்கிறது. நான் கேட்பது கயிறு கட்டிய வண்டியும் செங்கல்லும்தான். பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால் போதும்.

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு என் வேண்டுகோள். இந்த வருடம் நம் பள்ளிக் கண்காட்சியில் பழைய சாமானில் செய்து வேலை செய்கிற பொருள்களுக்கு ஒரு மேஜை ஒதுக்க வேண்டும். அழகுக்கு மட்டும் மார்க் போடாமல், எப்படிக் கணக்குப் போட்டாய், எங்கே தப்பு வந்தது என்று கேட்டு மார்க் போட வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒயர், ஸ்குரூ டிரைவர் எல்லாம் பையன்களுக்கு, சார்ட் எழுதுவதும் கலர் அடிப்பதும் எங்களுக்கு என்று பிரிப்பது வேண்டாம். எங்களுக்கும் நட்டு கழற்றத் தெரியும்.

ரஷ்யாவில் ‘மாடலிஸ்ட் கன்ஸ்ட்ருக்டர்’ என்று 1966 முதல் ஒரு மாத இதழ் வந்தது. வீட்டில் வண்டி செய்தவர்கள் அதற்கு வரைபடம் அனுப்புவார்கள், அதைப் பார்த்து வேறு ஊர்க்காரர்கள் செய்வார்கள். நம் சுவர் இதழிலும் அதற்கு ஒரு மூலை விடலாமே? முதல் படம் நான் தருகிறேன். கவிழ்ந்ததையும் சேர்த்தே வரைவேன்.

டியூப், பெல்ட், பேரிங் வேண்டுமென்றால் எங்கள் கடைக்கு வாங்க. அப்பாவிடம் கேட்டுவிட்டேன், காசு வாங்க மாட்டார், திருப்பித் தந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தால் கூட்டம் இருக்காது. செருப்பு போட்டுக்கிட்டு வாங்க, ஆணி கிடக்கும்.

இப்படிக்கு,
‘பழைய இரும்பு’,
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு