வோக்கிடோக்கி மட்டும் போதாது



2025 நவம்பரில் டித்வா வந்தபோது மலைநாட்டில் பல இடங்களில் கையடக்கத் தொலைபேசிகள் ஊமையானதை நாம் மறக்கவில்லை. அதன்பின் சிலர் கேட்கிறார்கள்: "சேர், ஊருக்கு நாலு வோக்கிடோக்கி வாங்கினால் போதும்தானே?"

போதாது.

அமெரிக்காவின் மலைப்பாங்கான தேசியக் காடுகளைப் பாருங்கள். அங்கே தீயணைப்பவர் கையிலுள்ள கருவியின் வலு சுமார் 5 வாட். அதன் அலை ஏறத்தாழ நேர்கோட்டில்தான் போகும். நடுவில் மலை நின்றால் அடுத்த பள்ளத்தாக்கில் கேட்காது. அதனால் அந்நாட்டு வனச் சேவை மலை உச்சிகளில் 'ரிப்பீட்டர்' வைத்திருக்கிறது. அது ஓர் அலைவரிசையில் கேட்டதை அதே கணத்தில் இன்னோர் அலைவரிசையில் கூடிய வலுவுடன் திருப்பி அனுப்பும். இரு பள்ளத்தாக்குகளும் ஒன்றையொன்று காணாவிட்டாலும் உச்சி இரண்டுக்கும் தெரியும். தூர உச்சிகளில் சோலார் தகடும் பற்றரியும்தான் மின்சாரம். கீழே கரண்ட் போனாலும் அது வேலை செய்யும்.

என் கருத்து இதுதான்: கருவிக்குக் காசு சேர்க்க முன்னர் உச்சியைப் பற்றிப் பேசுவோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு, சொந்த மின்சாரமுள்ள ரிப்பீட்டர் ஒன்று வேண்டுமென்று பள்ளிவாசல், கோயில், விகாரை எல்லோரும் சேர்ந்து பிரதேச செயலகத்திடம் கேட்போம். கிடைத்தால், வருடத்தில் இரண்டு தடவையாவது பேசிப் பழகுவோம்.

அடுத்த பெருமழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது.